நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு

என் பங்காளி சென்னப்பனுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று அரசாங்கம் முடிவு செய்தபோது, அவன் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அழைப்பிதழ் கெட்டித் தாளில் இரண்டு வண்ணத்தில் அச்சாகியிருந்தது. நான்கு காலாண்டுகள் தொடர்ந்து இரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த பத்து முன்மாதிரிப் பயனாளிகளை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் கௌரவிக்கப் போகிறதாம். சென்னப்பன் மூன்றாவது பெயர். நான்கில் மூன்று காலாண்டுகளை அவன் மண்ணுக்கடியில் கழித்தான் என்பதை யோசித்தால், அவனளவுக்குக் கட்டுப்பாடாக இருந்தவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை என்றுதான் நானும் சொல்வேன்.

அழைப்பிதழை எடுத்து வந்தவள் அவன் மனைவி மாரம்மா.

"மாமா, இத பாருங்க. அவருக்கு சால்வ போடறாங்களாம். வியாழக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"யாரை?"

"அவரத்தான். தவறாம நேர்ல வரணும்னு போட்டிருக்குது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நேர்ல வரணும்னா நான் என்னா பண்றது மாமா? செவுத்துல இருக்கற போட்டோவ கழட்டிகினு போவட்டுமா, மாலையோட?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை மறுபடி படித்தேன். ஆறாவது பெயர்: க. நாராயணப்பன். அது நான்தான்.

அந்த நிலையத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். உத்தனப்பள்ளியிலிருந்து வரும் சாலையை ஒட்டி அது நிற்கும் நாற்பது சென்ட் நிலம் என் தந்தை கரியப்பன் கொடுத்தது. இன்று அந்த நாற்பது சென்ட்டுக்கு ஓசூர்க்காரர்கள் என்ன விலை சொல்வார்கள் என்று என் மகன் விமல்ராஜ் வருடத்துக்கு இரண்டு முறை நினைவூட்டுவான். நான் பதில் சொல்வதில்லை. வாசலில் ஒரு கல் இருக்கிறது. முதல் வரியில் 'நிலம் அளித்தவர் கரியப்பன்', இரண்டாம் வரியில் 'மகன் நாராயணப்பன்'. கட்டடத்துக்கு மூன்று முறை வண்ணம் அடித்தார்கள். மூன்று முறையும் கூடவே நின்று கல்லின் மேல் தூரிகை படாமல் பார்த்துக்கொண்டேன். நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஓர் இடம் உண்டு. அதன் தீர்மானம் எதுவானாலும் என் கையெழுத்து விழ வேண்டும்.

ஆனால் நாங்கள் அங்கே வைத்தியத்துக்குப் போனதில்லை. நிலம் கொடுத்த வீட்டார் அங்கே சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது முறையல்ல. என் தந்தை எழுபத்தொன்பது வயதுவரை எந்த மருத்துவமனைப் படியும் ஏறியதில்லை. கடைசியில் ஏறிய அன்று நடந்து இறங்கவும் இல்லை. இதை நாங்கள் பெருமையாகவே சொல்லி வருகிறோம்.

எங்கள் வகையறா பதினான்கு வீடு. எங்களுடையது பெரிய வீடு. பெரிய வீடு செய்ததைத்தான் மற்ற பதின்மூன்று வீடும் செய்யும். ராகி விதைப்பு நாங்கள் தொடங்கிய பிறகுதான். கொரோனா ஊசிகூட, நான் ஓசூருக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்த மறுநாள்தான் மற்றவர்கள் கிளம்பினார்கள். எங்கள் வீடுகளில் கோபம் வந்தால் கன்னடம், பேரம் பேசத் தெலுங்கு, அரசாங்கத்திடம் பேச மட்டும் தமிழ். மொழி மாறினாலும் இந்த வரிசை மாறியதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்காரனை, ஒரு நாளும் கையை நீட்டிக் காட்டாதவனை, முன்மாதிரி நோயாளி என்று அச்சடித்திருக்கிறார்கள். செத்தவனுக்கு மூன்று இடம் கீழே போட்டிருக்கிறார்கள் என்பது வேறு. சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

மார்ச் மாதக் கடைசி. எல்லா அரசாங்கச் சுவர்களும் பளிச்சென்று இருக்கும் காலம். நிலையத்தில் நான்கு நிறக் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. நான்கிலும் குப்பை இல்லை. ஆய்வுக்காக வாங்கியவற்றில் குப்பை போடுவார்களா? கை கழுவும் ஆறு முறைகளைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே இருந்த குழாயைத் திறந்தேன். ஏழாவது முறை, தண்ணீருக்குக் காத்திருப்பது.

உள்ளே ஒரு வெள்ளைப் பலகை. இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் சாதனை. பிரசவம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தடுப்பூசி நூற்றுக்கு நூறு. நாய்க்கடிக்கு நேரே இலக்கு என்ற இடத்தில் வெறும் கோடு இருந்தது. நாய்களோடு பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை போலும். இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் உள்ளோர்: இலக்கு நூற்றுக்கு எண்பது, சாதனை தொண்ணூற்றேழு. அந்தத் தொண்ணூற்றேழை மட்டும் சிவப்பு மையில் எழுதிச் சுற்றிலும் பூப்போட்டிருந்தார்கள்.

மருத்துவர் அனுப்ரியா திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அழைப்பிதழை மேசையில் வைத்தேன்.

"மூணாவது பேரைப் பாரும்மா. அவன் எப்படி இருக்கான்னு சொல்லு."

கணினியில் தட்டிப் பார்த்தாள். "சென்னப்பன், வயசு அறுபத்தொண்ணு. போன செவ்வாய்க்கிழமை நூத்தி முப்பதுக்கு எம்பத்து நாலு. நல்லா இருக்காரே சார்."

"செத்துட்டான்மா."

"எப்ப?"

"ஆனியில. பக்கவாதம் வந்து, ரெண்டே நாள்."

அவள் மறுபடி தட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆனியிலயும் நூத்தி முப்பதுக்கு எம்பத்து நாலுதான் சார்."

"எனக்கு எவ்வளவு?"

"அதேதான்."

"ரெண்டாவது வீட்டு மாதவனுக்கு?"

"அதேதான் சார்."

ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். எல்லோருக்கும் நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு. பங்காளிகள் எல்லோரும் ஒரே இரத்தம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. அதற்கு அரசாங்கமே சான்று கொடுத்துவிட்டது. என் மனைவி சரோஜம்மாளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். பிறகு, பெண்டுகளின் எண்களை வெளி ஆளிடம் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன்.

"அதென்ன எண்பத்து நாலு? எண்பதுன்னு போட்டா என்ன?"

"நூத்தி இருபதுக்கு எம்பதுன்னு எல்லாருக்கும் போட்டா மேல சந்தேகப்படுவாங்க சார்." சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள். "போன வருசம் எழுபத்தொண்ணு வந்துது. மாவட்டக் கூட்டத்துல என்னை ஒரு மணி நேரம் நிக்க வச்சு ஏன் ஏன்னு கேட்டாங்க. இந்த வருசம் தொண்ணூத்தேழு. எப்படின்னு ஒரு ஆள் கேக்கல."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்கப் பார்த்தேன் சார்."

"எங்க பக்கத்துக்கு வீடு வீடா வந்து பிரஷர் எழுதற தன்னார்வலர் யாரு?"

"ஜெயப்ரியா."

"சரி. வியாழக்கிழமை மேடையில வச்சே கேக்கறேன்."

"கேளுங்க சார். ஒண்ணு சொல்லுதேன். இலக்கு மேல இருந்து கீழ வரும். பழியும் அதே வழியிலதான் வரும். திரும்பி மேல போகத் தெரியாது அதுக்கு. அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டு, விசயம் முடிஞ்சுதும்பாங்க."

"பொய் எழுதினவ போகத்தான் வேணும். என் அப்பா பேர் வாசல்ல இருக்குது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "முகம் சிவந்திருக்கு சார். கையைக் குடுங்க, ஒரு நிமிசம் பார்க்கேன்."

"நான் கேக்க வந்தவன். காட்ட வந்தவன் இல்ல," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே ஜெயப்ரியா வீட்டுக்கு வந்தாள். மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றாள். அவள் தெருவிலிருந்து வருகிறவர்கள் நிற்கும் இடம் அது. யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. அவள் அப்பன் முனிவேல் எங்கள் நிலத்தில் முப்பது வருடம் வேலை செய்தவன். அவனும் அங்கேதான் நிற்பான். இப்போது அந்தத் தெருவில் பாதிப் பேர் ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் எங்கள் வீட்டுப் பையன்களோடு தோள் இடிக்க உட்கார்ந்து போகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொட்டகை ஓரம் எல்லோருக்கும் மறுபடி நினைவு வந்துவிடும். நான் யாரையும் அங்கே நிற்கச் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் சொன்னதில்லை.

"டாக்டரம்மா சொன்னாங்கய்யா. மேடையில கேக்கப் போறீங்கன்னு."

"கேக்கத்தான் போறேன். என் கைய நீ எப்ப பாத்த?"

"பாக்கலீங்க."

"பாக்காம எப்படி எழுதின?"

"நீங்க சொன்னதத்தாங்க எழுதினேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன, பொங்கல் கழிஞ்ச மூணாம் நாளு. மிஷின எடுத்துகினு வந்தேன். இதே எடத்துல நின்னேன். நீங்க அங்க பேப்பர் படிச்சிகினு இருந்தீங்க. 'கைய நீட்டறதெல்லாம் இந்த வீட்டுல வழக்கமில்ல, நல்லா இருக்குதுன்னு எழுதிகினு போ'ன்னீங்க."

நினைவிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதும் நினைவிருந்தது. பட்டையைக் கட்ட வேண்டுமானால் அவள் கொட்டகையைத் தாண்டி நடந்து வந்து என் முழங்கைக்கு மேலே தொட வேண்டும். அதைச் சொல்லாமல் வழக்கம் என்றேன். வழக்கம் என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது.

"வேண்டாம்னுட்டாருன்னு எழுதியிருக்கலாமே."

"அதுக்கு போன் ஆப்ல எடமில்லீங்க. கட்டுப்பாட்டுல இருக்குது, கட்டுப்பாட்டுல இல்ல, ஊர்ல இல்ல. மூணே கட்டம். ஊர்ல இல்லன்னு மூணு வாட்டி போட்டா ஏன் தேடலன்னு கேப்பாங்க. நீங்க காலையில ரோட்டு மேல நடக்கறது ஊருக்கே தெரியும்."

"சரி, மத்த வீடு?"

"பெரிய வீட்டுல என்னா எழுதினயோ அதையே எங்களுக்கும் எழுதுன்னுட்டாங்க. பதிமூணு வீட்டுலயும் அதே பேச்சுதான். சென்னப்பன் ஐயாவ மட்டும் நான் விடல. பின்னந்தல வலிக்குதுன்னு ரேஷன் கடையில சொல்லிகினு இருந்தாரு. நாலு வாட்டி போனேன். 'அண்ணன் கைய குடுத்தாரா? அண்ணன் குடுத்த மறுநாளு வா, நான் ரெண்டு கையும் தரேன்'னு சிரிச்சாரு."



"செத்த பிறகு ஏன் எழுதின?" என்று கேட்டேன். வேறு எதையாவது கேட்டாக வேண்டியிருந்தது.

"பேர எடுக்கச் சொல்லிக் கேட்டேங்க. அவரு போனுக்கு ஒரு நம்பர் வரும், அத அவரே சொன்னாத்தான் எடுக்க முடியும்னாங்க. வெறுமனே உட்டா எனக்கு செவப்பு விழும். அதான் எழுதிட்டேன். அது தப்புதாங்க."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மேடையில கேளுங்க, வேணாங்கல. வேல போவும். வீட்டுக்காரருக்கு கம்பெனில காண்ட்ராக்ட் முடிஞ்சி நாலு மாசமாச்சி, இது ஒண்ணுதான் ஓடிகினு இருக்குது. அது என் பாடு. சென்னப்பன் ஐயா செத்தது என்னாலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மாரம்மாவ நான் தெனமும் பாக்கணும்."

போய்விட்டாள். திரும்பினால் வாசற்படியில் சரோஜம்மாள், கையில் வெந்தய டப்பாவோடு நின்றிருந்தாள்.

"எனக்கு எம்பத்து நாலு இல்லீங்க," என்றாள்.

"என்னது?"

"நூத்தி முப்பத்தாறுக்கு எம்பத்தெட்டு. போன செவ்வாக்கெழம பாத்தது. நெசமான நம்பரு. மொத வாட்டி பாத்தப்ப நூத்தி எழுவது இருந்துது."

டப்பாவைத் திறந்து காட்டினாள். வெந்தயத்தின் மேல் மாத்திரை அட்டைகள். இரண்டு வருடமாகக் காலையில் பால் சொசைட்டிக்குப் போகும்போது அங்கே ஜெயப்ரியாவிடம் கையைக் கொடுத்து வந்திருக்கிறாள். பதினான்கு வீட்டிலும் உண்மையாகவே கட்டுப்பாட்டில் இருந்தவள் இவள் ஒருத்திதான். இவள் பெயர் பொன்னாடைப் பட்டியலில் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா குடுக்க உட்டிருப்பீங்களா? நாப்பது வருசமா இந்த வீட்டு கௌரவத்த காப்பாத்தறேன். அதுக்கு உசுரோட இருக்கணுமில்ல?"

வியாழக்கிழமை நான்கு பக்கப் பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதியது. பொறுப்பு, நேர்மை, மக்கள் நலன் எல்லாம் அதில் இருந்தன. என்னைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

பந்தலின் கயிற்றை என் தந்தையின் கல்லில் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் எங்கள் வகையறா ஆண்கள், வீட்டு வரிசைப்படி. ஓரத்தில் பெண்கள். கடைசியில் தன்னார்வலர்கள் ஒரே நிறச் சேலையில் நின்றார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல பேச்சாளர். தொண்ணூற்றேழு என்ற எண்ணைப் பதினோரு முறை சொன்னார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொரு முறையும், அதை அவரே தம் வீட்டுக் கொல்லையில் விளைவித்து எடுத்து வந்தது போலச் சொன்னார்.

முதல் இரண்டு பேருக்கும் சால்வை போர்த்தியாகிவிட்டது.

"அடுத்து திரு. சென்னப்பன்."

யாரும் எழுந்து வரவில்லை.

"சென்னப்பன் வரலையா? வேலைக்குப் போயிட்டாரா?"

மாரம்மா எழுந்தாள். "வந்திருக்காருங்க," என்றாள். மஞ்சள் பையிலிருந்து படத்தை எடுத்து, காய்ந்த மாலையைச் சரி செய்து, மேடையைப் பார்க்கும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி பாதி விரித்த சால்வையோடு நின்றார். படத்துக்குப் போர்த்துவதா, மடிப்பதா என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இருந்திருக்காது. அனுப்ரியாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதில் பிடிக்காமல் மறுபடி கேட்டார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இது ஒரு தனி ஊழியரின் கவனக்குறைவு. துறை இதைச் சும்மா விடாது. இந்தப் பகுதித் தன்னார்வலர் யார்?"

ஜெயப்ரியா கையை உயர்த்தினாள்.

"இன்னையோட உனக்கு வேலை இல்லைம்மா. உத்தரவு பின்னால வரும். ஒரு உயிர் விசயம் இது. நீ ஒழுங்காப் பார்த்திருந்தா அந்த மனுசன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார்."

அவள் எதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டாளோ, அதையே அவர் சொல்லிவிட்டார். மாரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். ஜெயப்ரியா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பார்த்திருந்தால்கூட நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. என்னிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் உறைத்தது. எங்கள் வீட்டைப் பற்றி அப்படி ஒரு முடிவுக்கு வர யாருக்கும் நாங்கள் இடம் கொடுத்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

எழுந்து மேடை ஏறினேன். பையிலிருந்த நான்கு பக்கத்தை எடுக்கவில்லை.

"பெரியவரே, உங்க பேர் ஆறாவது," என்றார் அதிகாரி. "உக்காருங்க, உங்களுக்கும் சால்வை இருக்கு."

"எனக்கு பிரஷர் இருக்குதா இல்லையான்னே தெரியாது. அதுக்குள்ள சால்வையா? அந்தப் பொண்ணு எழுதினது பொய். எழுதச் சொன்னது நான். எனக்கு எழுதினதைப் பாத்து என் பங்காளிங்க பதிமூணு வீடும் எழுதச் சொன்னாங்க. சென்னப்பனும் சொன்னான். அவன் கைய குடுக்காததுக்கு நான் குடுக்காததுதான் காரணம். அவ நாலு வாட்டி அவன் வீட்டுக்குப் போனா. நீங்க இன்னைக்குத்தான் மொத வாட்டி இந்த ஊருக்கு வரீங்க."

பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மாரம்மா படத்தைக் கீழே இறக்காமலே சொன்னாள்.

"தெரியும் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். தெரிந்துகொண்டேதான் ஒன்பது மாதமாக என்னை மாமா என்று கூப்பிட்டு வந்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் அழைப்பிதழை என் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

மேடையிலிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன்.

"ஜெயப்ரியா, மிஷினை எடுத்துகினு வா."

அவள் மேடை ஏறிப் பாதி வழியில் நின்றாள். என் நாற்காலிக்கும் கொட்டகைக்கும் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்.

"கிட்ட வா," என்றேன்.

அந்தச் சொல்லை அவள் தெருக்காரர் யாரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. எழுபத்திரண்டு வயதில் புதிதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டவன் போல அது நாக்கில் இடறியது. அவள் வந்து பட்டையைக் கட்டினாள். முன்வரிசையில் மாதவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கைய நேரா வைங்கய்யா. பேசாதீங்க."

பேசாமல் இருந்தேன். எங்கள் வீட்டாருக்கு அவள் தெருவிலிருந்து வந்த முதல் உத்தரவு அதுவாகத்தான் இருக்கும். இயந்திரம் கையை இறுக்கியது, விட்டது. ஒலிபெருக்கி அருகில் இருப்பதை மறந்து அவள் படித்துவிட்டாள்.

"நூத்தி தொண்ணூத்திரண்டுக்கு நூத்தி பத்து."

ஊர் முழுக்கக் கேட்டது. எங்கள் வீட்டில் எதிலும் நூற்றுக்கு மேல் வாங்கியது அதுவே முதல் தடவை.

"மைக்கை அணைங்கப்பா," என்றார் அதிகாரி.

அணைத்தார்கள். ஆனால் அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. பெரிய வீடு கையை நீட்டிவிட்டது. மாதவன் எழுந்து சட்டைக் கையை மடித்தபடி மேடையை நோக்கி வந்தான். அவனுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, அதற்குப் பின்னால் நான்காவது வீடு. வரிசையில் நிற்பது எங்களுக்கு முறையல்ல என்று சொன்னேன். அன்று நின்றார்கள், மூப்பு வரிசையில். சென்னப்பனின் இடம் வந்தபோது பின்னால் இருந்தவன் ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றான். பிறகு மற்ற தெருக்காரர்களும் தங்கள் எண் உண்மைதானா என்று கேட்டு வந்துவிட்டார்கள். மதியத்துக்குள் தொண்ணூற்றேழு, அறுபத்து மூன்றாகிவிட்டது. மீதமிருந்த சால்வைகளை அதிகாரி காரிலேயே ஏற்றிக்கொண்டார். உண்மையான எண்ணுக்குப் போர்த்த அவரிடம் திட்டம் இல்லை.

அனுப்ரியா எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். "நீங்க நடந்து வந்ததே பெரிய விசயம் சார்," என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் காகிதம் வந்தது. தன்னார்வலர் ஜெயப்ரியாவை நீக்க நோயாளர் நலச் சங்கத்தின் தீர்மானம். என் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் எழுதினேன்: 'பொய் எழுதச் சொன்னவனை முதலில் நீக்கவும். அவன் பெயர் வாசல் கல்லில் இரண்டாவது வரியில் இருக்கிறது.' திருப்பி அனுப்பினார்கள், கையெழுத்து மட்டும் போதும் என்று. அதே வரியை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினேன். மூன்றாவது முறை காகிதம் வரவில்லை. கல்லைப் பெயர்க்கவும் யாரும் வரவில்லை. அரசாங்கத்தில் பதில் வராமல் இருப்பதுதான் அனுமதி என்று அனுப்ரியா சொல்கிறாள். அவளை அந்த மாதக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்களாம். நிலையம் பட்டியலில் கடைசி இடம். பலகையிலிருந்த பூவை யாரோ அழித்துவிட்டார்கள்.

ஜெயப்ரியா இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறாள். முதல் முறை பழக்கத்தில் கொட்டகை ஓரமே நின்றாள். சரோஜம்மாள் உள்ளிருந்து ஒரு நாற்காலியைக் கூடத்தில் சத்தமாகப் போட்டாள். அந்தச் சத்தம் எனக்கானது என்று புரிந்ததால், நானே போய்க் கூப்பிட்டேன்.

போன வாரம் நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நான்கு. மாதவன் நூற்று முப்பத்திரண்டுக்கு வந்துவிட்டானாம். பதினான்கு வீட்டில் பெரிய வீடு மட்டும் இன்னும் சிவப்பில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"நூத்தி நாப்பதுன்னு போட்டுக்கோயேன்," என்றேன்.

"கைய நேரா வைங்கய்யா," என்றாள்.

பட்டை இறுகிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மேடம்... ஆமாங்க, சென்னப்பனுக்கு இந்த மாசமும் எழுதல... இல்லீங்க மேடம், அவரு செத்துட்டாரு... போன மாசமும் அதத்தாங்க சொன்னேன்... ஊர்ல இல்லன்னு போட முடியாதுங்க, ஊர்லதான் இருக்காரு, ஏரிக்கரையில... சரிங்க மேடம்... சரிங்க."

போனை வைத்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"அடுத்த மாசம் மறுபடி நேர்ல போய்ப் பாக்கச் சொல்றாங்க," என்று சொல்லிக்கொண்டே என் எண்ணைக் குறித்தாள்.

எட்டிப் பார்த்தேன். நூற்று அறுபதுக்குத் தொண்ணூற்றாறு என்று, உள்ளது உள்ளபடி எழுதியிருந்தாள்.